கேளுங்க சொல்றேன்: அண்ணன் பேர்ல எழுதின தங்கச்சி

கேள்வி: போன இதழ்ல ஏதோ பதில் சொல்லும்போது "பிரான்ஸ்ல 17ஆம் நூற்றாண்டுலயே நாவல் எழுதிச் சம்பாதிச்ச பொம்பளை இருந்தாங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டு நைசா நழுவிட்டீங்க. யார் அது? (வாசகி, திருச்சி)

மத்லென் த ஸ்க்யுதெரி. 1607ல லெ ஹாவ்ர் துறைமுக ஊர்ல பிறந்தவங்க. சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் போயாச்சு, ரூவான்ல மாமா ஒருத்தர் வளர்த்தார், அவர் ஆளு நல்லவர் போல, படிக்க வெச்சிருக்கார். அப்புறம் பாரிஸ்ல நாடகம் எழுதிட்டு இருந்த அண்ணன் ஜார்ஜ் கூடப் போய் சேர்ந்துட்டாங்க. சொத்துன்னு ஒண்ணும் கிடையாது, இருந்தது ஒரு பேனா. 1641ல 'இப்ராஹிம்'னு துருக்கியில நடக்கிற மாதிரி ஒரு பெரிய நாவல் வந்துச்சு, அட்டையில அண்ணன் பேரு.

முதல் பெண் நாவலாசிரியர் இவங்கதானான்னு அடுத்த கடிதம் போட்டுடாதீங்க, இவங்களுக்கு நூறு வருஷம் முன்னாடியே 1538ல எலிசென் த கிரென்ங்கிற பேர்ல ஒரு அம்மா எழுதியாச்சு.

கேள்வி: அண்ணன் பேர்ல ஏன் போடணும்? ஏமாத்து வேலையா? (வாசகர், சேலம்)

ஊருக்கே தெரிஞ்ச ரகசியத்துல என்னங்க ஏமாத்து. நல்ல குடும்பத்துப் பொம்பளை காசுக்குப் புத்தகம் எழுதி விக்கிறான்னா கௌரவக் குறைச்சல், அதனால பேரை ஒளிச்சுக்கிட்டாங்க. 1649லேர்ந்து 1653 வரைக்கும் பத்து வால்யூமா வந்துச்சே 'ஆர்த்தமென், அதாவது மகா சைரஸ்'னு பழங்காலப் பாரசீக ராஜாவைப் பத்தின நாவல், அதோட தலைப்புப் பக்கத்தைப் பாக்கணும் நீங்க, "நோத்ர் தாம் த லா கார்த் கோட்டையின் கவர்னர் திரு. த ஸ்க்யுதெரி எழுதியது"ன்னு அண்ணனோட உத்தியோகத்தையும் சேர்த்து அச்சடிச்சிருக்காங்க. கோட்டை மார்செய்ல மலை மேல இருக்கு, இவங்களும் அண்ணன் கூட அங்க போய் சில வருஷம் இருந்துட்டு 1647ல பாரிஸ் திரும்பினவங்க. அண்ணன் ஒண்ணுமே எழுதலைன்னு சொல்ல மாட்டேன், போர்க் காட்சி, முன்னுரை இதுலல்லாம் அவர் கை இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, ஆனா கதையும் பேச்சும் தங்கச்சியோடது.

ரெண்டு பேரைப் பத்தியும் ஒரு பழைய கதை உண்டு, உண்மையோ கட்டுக்கதையோ. ஒரு சத்திரத்துல தங்கி ராத்திரி அந்த இளவரசனை எப்படித் தீர்த்துக் கட்டுறது, விஷமா கத்தியான்னு ரெண்டும் பேசிட்டு இருக்க, பக்கத்து ரூம்காரன் கேட்டு பயந்துபோய் ஆளைக் கூப்பிட்டுட்டானாம். இளவரசன் நாவல்ல வர்ற ஆளு!

கேள்வி: பத்து வால்யூமா?! யார் படிச்சா அதை? (அதே சேலம் வாசகர், அதே கடிதம்)

சுமார் 13,000 பக்கம்! மலைக்காதீங்க, ஒரேயடியா வரல, வால்யூம் வால்யூமா வந்துச்சு, நம்ம வாரப் பத்திரிகை தொடர்கதைக்குக் காத்திருப்போமே அந்த மாதிரிதான் ஜனங்க காத்திருந்தாங்க. அதுல இன்னொரு ருசி இருக்கு. பேரு பாரசீகம், ஆளு பாரிஸ். சைரஸ்னா அப்போ பிரான்ஸ்ல பேர் பெற்ற படைத்தளபதி கோந்தே இளவரசர், கதாநாயகி மந்தான்னா அவரோட அக்கா லோங்வீல் சீமாட்டி, இப்படி யாரு யாருன்னு கண்டுபிடிக்கறதே ஒரு விளையாட்டு. நாவல் வந்துட்டிருந்த அதே வருஷங்கள்ல கோந்தே ராஜாவுக்கு எதிரா படை திரட்டிட்டார், ஆனா இவங்க புத்தகத்துல அந்த அக்காவுக்குப் போட்ட சமர்ப்பணத்தை கடைசி வால்யூம் வரைக்கும் எடுக்கல. அந்தத் தைரியம் எனக்குப் பிடிச்சது.

பத்தாவது வால்யூம்ல சாஃபோன்னு ஒரு கவிஞி வருவா, அது இவங்களேதான். காதலனை விரும்புறா, ஆனா கல்யாணம் மட்டும் வேண்டாங்கிறா, புருஷன்னு ஆயிட்டா எஜமானன் ஆயிடுவான்னு. இவங்களும் கடைசி வரை கல்யாணம் பண்ணிக்கல. பெலிஸோன்னு ஒரு எழுத்தாளர் ரொம்ப நெருங்கின நண்பர், அவர் வேலை பாத்த மந்திரி ஃபூகே 1661ல கவுந்தப்போ இவரையும் பஸ்தீல் சிறையில போட்டாங்க, வெளிய வர நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு, இவங்க கைவிடல.

கேள்வி: காதலுக்கு மேப் போட்டது இவங்கதானாமே? (வாசகி, மதுரை)

ஆமாங்க, அடுத்த நாவல் 'கிளேலி', 1654ல முதல் வால்யூம், அதுல மடிச்சு வெச்ச ஒரு படம். பேரு 'கனிவு நாடு'. புது நட்புங்கிற ஊர்ல பயணம் தொடங்குது. மேல போறதுக்கு மூணு வழி. நடுவுல ஈர்ப்புங்கிற ஆறு, அதுல இறங்கிட்டா நேரா கொண்டு போய் விட்டுடும், வழியில ஊரே கிடையாது. இன்னொரு வழியில போனா அழகான கவிதை, காதல் கடுதாசி, நேர்மைன்னு ஊர் ஊரா தாண்டணும், வேற வழியில சின்னச் சின்ன அக்கறைன்னே ஒரு கிராமம் இருக்கு. பாதை தவறி அலட்சியம், மறதின்னு போனீங்கன்னா அலட்டிக்காத ஏரியில விழுந்துடுவீங்க, அந்தப் பக்கம் கர்வம், புறம்பேச்சுன்னு போனா பகைக் கடல். இது சனிக்கிழமை தோறும் இவங்க வீட்டுல கூடுற கூட்டத்துல விளையாட்டாப் பிறந்தது.

இந்த மாதிரி நாசூக்கைத்தான் 1659ல நாடகக்காரர் மொலியேர் மேடையில வெச்சு கிண்டல் பண்ணார். அதுல வர்ற ஒரு பொண்ணு இந்த மேப்பையே பேர் சொல்லிப் பேசும். நாடகம் நல்லாத்தான் இருக்கும், சிரிச்சுட்டுப் போங்க, ஆனா இவங்களைப் பத்தின தகவலுக்கு அதை நம்பாதீங்க.

கேள்வி: அங்கீகாரம் ஏதாவது கிடைச்சுதா? (வாசகர், தஞ்சாவூர்)

1671ல பிரெஞ்சு அகாதமி முதல் தடவையா உரைநடைக்குப் பரிசு வெச்சது, புகழைப் பத்தின கட்டுரைக்கு அதை இவங்க வாங்கினாங்க. பரிசு குடுத்தாங்க, நாற்காலி, அதாவது உறுப்பினர் பதவி, குடுக்கல. அண்ணனுக்கு 1650லயே அதே அகாதமியில நாற்காலி. அங்க முதல் பெண் தேர்வானது 1980ல, மார்கெரித் யூர்ஸ்னார். 1683லேர்ந்து பதினாலாம் லூயி பென்ஷன் குடுத்தார், வயசான காலத்துல காது கேக்கல, 1701ல 93 வயசுல போய்ச் சேர்ந்தாங்க.

கேள்வி: படிக்கணும்னா எதுல தொடங்க? (வாசகி, திருச்சி)

சைரஸை முதல் பக்கத்துலேர்ந்து தொடங்காதீங்கம்மா, நான் அப்படித் தொடங்கி ரெண்டாவது வால்யூம்லயே மூச்சு வாங்கிட்டேன். சாஃபோ கதை மட்டும் தனிப் புத்தகமா இங்கிலீஷ்ல வந்திருக்கு, சின்னதுதான். பிரெஞ்சு தெரிஞ்ச ஆள் வீட்டுல இருந்தா சைரஸ் முழுசும் நெட்டுல ஓசியாவே கிடைக்குது.