காயம் ஆறிய பின்பும் பயம் மட்டும் ஏன் போகவில்லை?

தம்பிக்கு விபத்தில் முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே ஏற்பட்டது, ஆனால் ஆறு வாரம் ஆகியும் வண்டியைத் தொட மறுக்கிறான், இரவில் அலறி எழுகிறான், இது நடிப்பாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடிப்பு என்ற அந்தச் சொல்லை என் காதுபடவே உறவினர்கள் சொல்லக் கேட்டவன் நான். மருத்துவன் அல்லன் என்றாலும் பதில் எழுதத் துணிந்தது அதனால்தான்.

2018 ஐப்பசியில், இராணிப்பேட்டையிலிருந்து வேலூருக்கு என் மைத்துனர் ஓட்டிய வண்டியில் பின்னால் அமர்ந்து சென்றேன். மேல்விஷாரம் தாண்டியதும் பச்சைத்தோல் ஏற்றிய லாரி ஒன்று எங்களை உரசியது. சாலையோர மண்ணில் விழுந்த அவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, தகடு வைக்க வேண்டியதாயிற்று. எனக்கோ உள்ளங்கைத் தோல் உரிந்ததோடு சரி. ஆனால் தார்ச்சாலையில் சறுக்கிக்கொண்டு போன என் தலைக்கும் லாரியின் பின்சக்கரத்துக்கும் இடையில் ஒரு சாண்தான் மிச்சமிருந்தது. முடிந்தது என்று எண்ணிய அந்தக் கணத்தில் ஓசையெல்லாம் அடங்கி, வேறு யாருக்கோ நடப்பதைத் தள்ளி நின்று பார்ப்பது போலிருந்தது. ஏழெட்டு மாதத்தில் மைத்துனர் மீண்டும் வண்டி ஓட்டினார். எனக்கு உப்புத் தோலின் வாடை பட்டாலே நெஞ்சு படபடக்கும். தோல் பதனிடும் ஊரான இராணிப்பேட்டையில் குடியிருந்துகொண்டு அந்த வாடைக்குத் தப்பி எங்கே போவது?

இது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் (PTSD) என்பதையும், காயத்தின் அளவை வைத்து இந்நோயைக் கணிக்க முடியாது என்பதையும் பின்னர் மனநல மருத்துவர்தான் விளக்கினார். சாகப்போகிறோம் என்ற அச்சம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது, அந்நேரம் எல்லாம் கனவு போல் விலகித் தெரிந்ததா, முன்பே வேறு அதிர்ச்சியைக் கண்டவரா, பிறகு ஆறுதலாகக் கேட்க ஆளிருந்ததா என்பவையே பெரிதும் முக்கியமாம். பாலாற்று மணற்குழியில் மூழ்கிய அண்ணனைத் தூக்கி வந்ததைப் பத்து வயதில் பார்த்தவன் நான் என்பதை அவரிடம்தான் முதன்முதலில் சொன்னேன். வீட்டில் எல்லோரும் "அதையே நினைக்காதே" என்றார்கள். நினைவை வலிந்து அடக்குவதும், இடைவிடாமல் அசைபோடுவதும் இரண்டுமே நோயை நீடிக்கச் செய்பவை. அம்மா மட்டும் தர்காவுக்கு அழைத்துப்போய் ஓதித் தாயத்து கட்டினார். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், என் பயத்தை மெய்யென்று முதலில் நம்பியவர் அவர்தான்.

இழப்பீட்டுக்காகப் பயத்தைப் பெரிதாக்குகிறேன் என்று சொல்லக்கூடியவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: பயத்துக்காக நான் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. வழக்கு மைத்துனருடையது, நான் சாட்சி மட்டுமே. அவர் காலுக்கு ஊனச் சதவீதம் போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். என் தூக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆறத் தொடங்கும் நேரத்தில் ஒவ்வொரு வாய்தாவும் என்னை மறுபடி அந்தச் சக்கரத்தின் அருகில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. வழக்கு இழுபறியாக நீள்வதும், உடல்வலி தீராமலிருப்பதும் இந்நோயோடு சேர்ந்தே காணப்படுபவை என்று அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

முதல் சில வாரங்களில் கெட்ட கனவும் படபடப்பும் பலருக்கும் வந்து தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் இதை நோயாகக் கணக்கில் கொள்கிறார்கள். உங்கள் தம்பி அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். நடந்ததைச் சொல்லும்படி வீட்டில் உட்காரவைத்து வற்புறுத்த வேண்டாம். பயந்ததைப் படிப்படியாக அணுகப் பழக்கும் சிகிச்சைக்கு அதற்கெனப் பயின்றவர்கள் இருக்கிறார்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

மருத்துவமனைக்கு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். நான் முதல் முறை வாலாஜா ரோட்டிலிருந்து காட்பாடிக்கு ரயிலில்தான் போனேன்.