கிராங்க் கழற்ற புல்லர் போதும், சுத்தியல் வேண்டாம்

கேள்வி: என் கியர் சைக்கிளை மிதிக்கும்போது இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 'கடக் கடக்' என்கிறது. போல்ட்டை எடுத்த பிறகும் கிராங்க் வரவில்லை. பின்னாலிருந்து சுத்தியலால் தட்டலாமா? அப்பாவின் பழைய சைக்கிளுக்கும் இதே முறைதானா?

பதில்: தட்டவே தட்டாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சதுர முனை ஆக்சில் (இரண்டு கிராங்க்கையும் இணைக்கும் அச்சு). அந்த முனை நுனியை நோக்கி லேசாக ஒடுங்கும். போல்ட்டை இறுக்க இறுக்க அலுமினியக் கிராங்க் அந்தச் சரிவில் ஏறிக் கவ்விக்கொள்கிறது. தட்டினால் அடி பேரிங்குக்குத்தான் போகும். கிராங்க்கை இழுத்துக் கழற்றும் கருவியான கிராங்க் புல்லர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள்.

முதலில் போல்ட் இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அதை எடுத்துவிட்டு, கிராங்க்கின் 22 மி.மீ. மரையைப் பழைய பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு மண் போகத் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

புல்லரின் நடுத் தண்டை முழுவதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வெளிப் பகுதியைக் கையாலேயே மரையில் ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் முதல் சுற்றிலேயே கை சொல்லிவிடும். கழற்றி மறுபடி மாட்டுங்கள். மரை முழுவதும் உள்ளே போய், ஸ்பேனரால் ஒரு பிடி இறுக்கிய பிறகே நடுத் தண்டை வலதுபுறமாகத் திருக வேண்டும். இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்திருக்கும்போது திருகினால், எஃகுப் புல்லர் அலுமினிய மரையை அப்படியே வழித்துக்கொண்டு வந்துவிடும். பிறகு அந்தக் கிராங்க்கை ஒழுங்காகக் கழற்ற வழி இருக்காது.

வலது பக்கம் கழற்றும்போது செயினைப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேனர் நழுவினால் விரல் முட்டி பல்லில் கிழியாது.

சரி, கழற்றியாயிற்று. ஆக்சிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங் போய்விட்டது. சீராகச் சுற்றினால் கிராங்க்கின் சதுர ஓட்டையைக் கவனியுங்கள்: மூலைகள் மழுங்கியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் மறுபடி தளரும், கிராங்க்கை மாற்றத்தான் வேண்டும். தளர்ந்த கிராங்க்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் இதுதான் நடக்கும். அதனால் சத்தம் தீரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

ஓட்டை நன்றாக இருந்தால் துடைத்து மாட்டி, போல்ட் மரைக்குக் கிரீஸ் தடவி, சுமார் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கொடுங்கள். 20 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடை தொங்கினால் வரும் இறுக்கம் அது. நினைப்பதைவிட அதிகம். முதல் சவாரிக்குப் பின் இன்னொரு முறை சரிபாருங்கள்.

அப்பாவின் சைக்கிள் கறுப்பு ரோட்ஸ்டர் வகை என்றால் அதில் இருப்பது காட்டர் பின், அதாவது கிராங்க்கை ஆக்சிலோடு பிணைக்கும் ஆப்பு. புல்லர் அங்கே உதவாது. சுத்தியலுக்கு வேலை அங்கேதான். நட்டைக் கழற்றிவிடாமல் பின்னின் நுனிக்குச் சமமாகத் தளர்த்துங்கள், மரை நசுங்காது. கிராங்க்குக்கு அடியில், பின்னின் தலை விழ இடம் விட்டு, ஒரு இரும்புக் குழாயைத் தரையோடு முட்டுக்கொடுத்து ஓங்கி ஒரே அடி. சின்னச் சின்னதாகத் தட்டினால் பின்தான் வளையும். புதுப் பின் போடும்போது இரண்டையும் எதிரெதிர்த் திசையில் செருகுங்கள். இல்லாவிட்டால் கிராங்க்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்காது.