பையப் பைய ஓடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. பாளையங்கோட்டை மகாராஜநகரில் குடியிருக்கிறேன். பள்ளி அலுவலகத்தில் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை நாற்காலிதான். எடை 74 கிலோ, உயரம் 158 செ.மீ. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 6.1 என்று வந்தது. "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், உடம்பை அசையுங்கள்" என்றார் டாக்டர். கல்லூரியில் படிக்கும் மகள் என்னை ஓடச் சொல்கிறாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு ஓட்டம் பிடிக்காது. அவள் நச்சரிப்பு தாங்காமல் மூன்று நாள் ஓடினேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. நான்காம் நாள் கீழ்க்காலின் முன் எலும்பு நெடுக வலி. ஆட்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் வேறு, நாய்த் தொல்லை வேறு. என் வயதுக்கும் எடைக்கும் ஓட்டம் சரிப்படுமா, நடையோடு நிறுத்திக்கொள்ளவா?
– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

சரிப்படும். அந்த மூன்று நாள் நீங்கள் ஓடிய வேகம்தான் சரிப்படாது. பஸ் போய்விடும் என்று ஓடுகிற வேகத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். பழக்கமில்லாத இதயத்தால் அந்த வேகத்துக்கு வேண்டிய பிராணவாயுவைத் தசைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. ஒரு நிமிடத்தில் மூச்சு இரைக்கும், இரண்டாவது நிமிடத்தில் கால் கனக்கும், 'நமக்கு ஓட்டம் வராது' என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். உங்களுக்கு நடந்தது இதுதான்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. மகளைக் கூட அழைத்துப் போங்கள். "மாவு இன்னைக்கு இட்லிக்கு ஆகும், நாளைக்குத் தோசைதான்" என்று ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு இழுக்காமல் அவளிடம் சொல்ல முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் குறையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. வேகமாக நடப்பவர் உங்களை ஒட்டியே வருவார், சில சமயம் முந்தியும் போவார். போகட்டும்.

தொடங்குமுன் டாக்டரிடம் இன்னொரு முறை போய், ஓடப்போவதைச் சொல்லி, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினை அழுத்திச் சொல்கிறோம். பெண்களுக்கு அது 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. எவ்வளவு பைய ஓடினாலும் மூச்சு வாங்கும். இரும்புச்சத்துக் குறைவால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டவும் செய்யும். ஆகவே உங்கள் 6.1-ஐச் சரியாகப் புரிந்துகொள்ளவும் இந்தப் பரிசோதனை தேவை. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நின்று, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இனி, கால்வலி. நடக்கும்போது பாதம் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் எடைக்குச் சற்று அதிகமான பாரம் காலில் இறங்கும். ஓடும்போது அது எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. இந்தப் பாரத்துக்கு எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். மூச்சோ நான்கைந்து வாரத்தில் பழகிவிடும். புதிதாக ஓடுபவர்களுக்கு வருகிற காயங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் வருகிறது. ஐந்தாறு வாரம் ஆனதும் மூச்சு சுலபமாகிவிடும், உற்சாகம் பிறக்கும், 'இன்னும் கொஞ்சம் ஓடலாமே' என்று தோன்றும். கால் அப்போது தயாராக இருக்காது. அந்த வாரங்களில் உங்களை நீங்களே பிடித்து நிறுத்த வேண்டும். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள வலி முழுதாகப் போகும்வரை ஓட வேண்டாம். எலும்பின் உள்பக்கம் நெடுக, ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது அதிகச் சுமையால் வந்த எரிச்சல், ஓய்வில் அடங்கும். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். அதை எலும்பு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடக் கூடாது.

வலி அடங்கியபின் முதல் இரண்டு வாரம் நடை மட்டும்: வாரத்தில் ஐந்து நாள், வேகமாக அரைமணி நேரம். மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள் ஓட்டம். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று நடுவில் ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும். எந்த நாளும் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் நடை, முடிவில் ஐந்து நிமிடம் நடை. மூன்று, நான்காம் வாரங்களில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என ஏழு முறை. ஐந்து, ஆறில் இரண்டு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது ஐந்து முறை. ஏழு, எட்டில் மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அதுவும் ஐந்து முறை. ஒன்பது, பத்தில் ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, நான்கு முறை. பதினோராம் வாரம் பத்து நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி பத்து நிமிடம். பன்னிரண்டாம் வாரம் நிற்காமல் இருபது நிமிடம். ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் வந்துவிடும். எந்தக் கட்டம் கடினமாக இருக்கிறதோ அதே கட்டத்தில் இன்னொரு வாரம் இருங்கள். கோயில் கொடை, கல்யாணம், காய்ச்சல் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ஒரு கட்டம் பின்னால் போங்கள்.

தொடைவலியும் கெண்டைக்கால் வலியும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்கு வந்து தானாக அடங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஓட ஓடக் கூடிக்கொண்டே போகிற வலியும், நொண்ட வைக்கிற வலியும் வேறு. அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

எப்படி ஓடுவது என்று பெரிதாக யோசிக்க வேண்டாம், ஒன்றைத் தவிர: எட்டி வைக்காதீர்கள். கால் நீண்டு முன்னால் போய்க் குதிகால் ஊன்றினால் ஒவ்வொரு அடியும் ஓட்டத்துக்குத் தடைபோடும். அந்த அதிர்ச்சி நேரே முன் எலும்புக்கும் முழங்காலுக்கும் ஏறும். குட்டி குட்டி அடிகளாக, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும்படி வையுங்கள். காலடிச் சத்தம் 'தொப் தொப்' என்று கேட்டால் அடி நீளம் என்று அர்த்தம்.

ஷூவில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வாக்கிங் செருப்போ மகளின் பழைய கேன்வாஸோ உதவாது. விளையாட்டுப் பொருள் கடையில் ஓட்டத்துக்கென்றே உள்ள ஷூவை, 2,500 ரூபாயிலிருந்து 4,000 ரூபாய்க்குள் பாருங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நின்று நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். போடப்போகிற சாக்ஸோடு போட்டு, எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் வழுக்கக் கூடாது. பெரும்பாலும் செருப்பு அளவைவிட ஒரு அளவு கூடுதலாக வரும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதி அமுங்கிவிடும். மேலே புதுசாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ஷூவுக்குச் சமமாக முக்கியமானது ஸ்போர்ட்ஸ் பிரா. பட்டிக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். கடையிலேயே நாலு குதி குதித்துப் பாருங்கள். சுடிதார் டாப்பும் லெகிங்ஸும் போதும், துப்பட்டா வேண்டாம். பிரசவமான பெண்கள் பலருக்கு ஓடும்போது சொட்டுச் சிறுநீர் கசியும். வெட்கப்பட்டு ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். இடுப்புத் தளத் தசைக்கான பயிற்சியால் இது பெரும்பாலும் குறையும். மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இடத்துக்கு உங்களுக்குக் குறையில்லை. பாளையிலேயே வ.உ.சி. மைதானமும் அண்ணா விளையாட்டரங்கமும் இருக்கின்றன. காலையில் நடக்கிறவர்களுக்கு நடுவே ஓடுகிற ஒருவரை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். தெருவில் தனியாக ஓடும்போதுதான் அந்தப் பார்வை. 400 மீட்டர் தடத்தில் ஓடினால் உள்வட்டத்தை வேகமாக ஓடும் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு வெளிவட்டத்துக்கு வாருங்கள். எட்டாவது தடத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 453 மீட்டர். கணக்குப் போடும்போது நினைவிருக்கட்டும். நான்குவழிச் சாலைப் பக்கம் போகவே வேண்டாம். தெருவில்தான் ஓட முடியும் என்ற நாளில் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலதுபுறமாக ஓடுங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஐந்தேகாலுக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடிப்பதே நல்லது. சித்திரை, வைகாசியில் வழக்கமான வேகமே கூடுதல் உழைப்பாகத் தெரியும். இதயம் தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில் ஓட்ட நேரத்தைக் குறைத்து நடையைக் கூட்டுங்கள். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் இங்கே மேல்காற்றுதான். அப்போது மேற்கே பார்த்து எதிர்காற்றில் தொடங்குங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளிவிடும்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. நின்று, கண்ணைப் பார்க்காமல், பைய நடந்து விலகுங்கள். பல் பட்டால், கீறலே ஆனாலும், சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

அரைமணி ஓட்டத்துக்கு வெறும் வயிறே போதும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். பசி தாங்காது என்றால் பாதி வாழைப்பழம். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடியுங்கள். ஆனால் எடையைக் குறைக்கும் வேலையை ஓட்டத்தின் தலையில் மட்டும் ஏற்றாதீர்கள். உங்கள் எடைக்கு இரண்டரை கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 185 கலோரி செலவாகும். ஐம்பது கிராம் அல்வா அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பதும், சோற்றின் அளவைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டுவதும் ஓட்டத்தோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

ஓடாத நாளில் இரண்டு நாளாவது, வீட்டுப் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மேலே தூக்கிப் பைய இறக்குங்கள்: பன்னிரண்டு முறை வீதம் மூன்று தடவை. அதே கணக்கில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். கெண்டைக்காலும் தொடையும் வலுத்தால் எலும்புக்குப் போகும் பாரம் குறையும். பத்து நிமிட வேலைதான், ஆனால் பெரும்பாலோர் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

நடையோடு நிறுத்திக்கொள்ளவா என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு வாரம் இப்படிப் பையவே ஓடிப் பார்த்தும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு. தினம் அரைமணி வேகநடை ஐந்து நாள் நடந்தாலே முதல் கணக்கு சரியாகிவிடும். சர்க்கரையைப் பொறுத்தவரை பிடிக்காத ஓட்டத்தைவிட விடாமல் நடக்கிற நடை மேல். எதைத் தேர்ந்தாலும், ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி என்பதால் பன்னிரண்டு வாரம் முடிந்தபின் எடுங்கள். ஒரே மாதத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு எண் இறங்கவில்லையே என்று மனம் சோர வேண்டாம்.