மினி சூறாவளியும் தகரக் கூரையும்: வன்னி வாசகர்களின் கேள்விகள்

போன கிழமை பின்னேரம் பத்து நிமிடம் அடித்த காற்றில் எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டுக் கூரை போய்விட்டது. அடுத்த ஒழுங்கையில் வாழை இலைகூடக் கிழியவில்லை. இது என்ன சூறாவளி? (மல்லாவி)

'மினி சூறாவளி' என்ற பெயர்தான் குழப்புகிறது. சூறாவளி கடலில் உருவாகும், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலம் இருக்கும், வருவது முன்கூட்டியே தெரியும். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்த புரெவிக்கு அப்படித்தான் முதலே அறிவித்தார்கள். உங்களுக்கு அடித்தது இடிமுகிலில் இருந்து வந்த காற்று. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று டோர்னாடோ, நிலத்தைத் தொட்டுச் சுழலும் காற்று. மற்றது முகிலிலிருந்து கீழே கொட்டி நாலாபக்கமும் பாயும் காற்று. விழுந்த மரங்களைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒடுங்கிய பாதையில் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தால் சுழல்காற்றாக இருக்கலாம். எல்லாம் ஒரே பக்கமாகவோ விசிறி மாதிரியோ சாய்ந்திருந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடியோடு இப்படிக் காற்று வருவதுண்டு.

சண்டைக் காலத்தில் பங்கருக்குள் ஓடிப் பழகியவர்கள் நாங்கள். அமெரிக்காவில் டோர்னாடோ வந்தால் நிலத்துக்குக் கீழே இறங்குகிறார்கள். நாங்களும் ஒன்று வெட்டி வைக்கவா? (புதுக்குடியிருப்பு)

வேண்டாம், அக்கா. உங்கள் கேள்வியை வாசித்ததும் மனம் கனத்தது. பதுங்க வேண்டும் என்ற உங்கள் உணர்வு சரி, இடம்தான் சரியில்லை. அங்கே இருப்பது கொங்கிறீற் சுவரும் மூடியும் கொண்ட நிலவறை. இங்கே மண்ணில் வெட்டிய கிடங்கு மாரி மழையில் நிரம்பும், கரை இடியும், பாம்பும் குடிவரும். அதோடு இந்தக் காற்று பல நேரம் சில நிமிட அவகாசம்கூடத் தராது. வளவைத் தாண்டி ஓடும்போதுதான் பறக்கும் தகரம் வெட்டும்.

கல்வீடு என்றால் உள்ளே, யன்னல் இல்லாத அல்லது குறைந்த சிறிய அறைக்குப் போங்கள். சிறிய அறையில் சுவர்கள் கிட்டக்கிட்ட இருப்பதால் ஒன்றை ஒன்று தாங்கும். வீட்டோடு ஒட்டிய மலசலகூடத்துக்குக் கொங்கிறீற் தட்டு போட்டிருந்தால் அதைவிட நல்ல இடம் உங்கள் வளவில் இல்லை. உள்ளே குந்தியிருந்து தலையையும் கழுத்தையும் தலையணையால் மூடுங்கள். பிள்ளைகளை நடுவில் வையுங்கள். தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் முகில் கறுத்து இடி முழங்கத் தொடங்கும்போதே, காற்று எழும்ப முன்னமே, பக்கத்துக் கல்வீட்டுக்குப் போய்விட வேண்டும். எந்த வீடு என்று இன்றைக்கே பேசி வையுங்கள்.

யன்னல்களைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே வந்து வெளியே போய்விடும், கூரை தப்பும் என்கிறார்களே? (துணுக்காய்)

தவறு. உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் தகரம் நிற்காது. கதவு, யன்னலைச் சாத்துங்கள்.

கூரைக்கு மேல் மணல் மூட்டை வைத்தால் போதுமா? (ஒட்டுசுட்டான்)

போதாது. பலத்த காற்றில் மூட்டையும் சேர்ந்து விழும். முதலில் கிளம்புவது ஓரமும் முகடும்தான், அங்கே ஆணிகளை நெருக்கி அடியுங்கள். வெறும் ஆணியை விட கொளுக்கி போல்ற் நல்லது. கூரை மரத்தைச் சுவரின் மேல் பீமோடு இரும்புப் பட்டியால் கட்டுங்கள். தகரத்தை மரத்தில் எவ்வளவு இறுக்கினாலும், மரம் சுவரோடு கட்டப்படாவிட்டால் கூரை முழுதாகவே எழும்பிப் போகும். அப்புறம் விறாந்தைத் தாழ்வாரம்: நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் குடை மாதிரிக் காற்றைப் பிடிக்கும். இனிக் கட்டுகிறவர்கள் அதை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாகப் போடுங்கள். அது போனாலும் வீடு நிற்கும்.

வயலில் நிற்கும்போது வந்தால்? (முத்தையன்கட்டு)

மரத்தடி வேண்டாம், முறியும் கொப்பும் மின்னலும் இரண்டும் ஆபத்து. உழவு இயந்திரத்தை விட்டு இறங்குங்கள். கிட்ட வீடு இல்லையென்றால் தண்ணீர் ஓடாத பள்ளத்தில் குனிந்து, தலையைக் கைகளால் மூடுங்கள்.

காற்று ஓய்ந்த பிறகு முதலில் என்ன செய்வது? (மாங்குளம்)

அறுந்து கிடக்கும் வயரில் கரண்ட் இருக்கும் என்றே நினையுங்கள், கிட்டப் போகாமல் மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987க்குச் சொல்லுங்கள். செருப்பில்லாமல் நடக்காதீர்கள். ஆணி குத்தினால் ஏற்புத் தடுப்பூசி போட வேண்டும். உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றை நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு தூக்குங்கள், அடித்து நொறுக்க வேண்டாம். துப்புரவாக்க முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக் கிராம அலுவலரிடம் பதிந்துவிடுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.