ஒரே நாளில் இரண்டு மசோதா

அன்புள்ள அண்ணாச்சி,

பெரிய திட்டங்களுக்குக் குளங்களையும் கொடுக்க வழிசெய்யும் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை நீக்கவேண்டும் என்று நீங்கள் எழுதியதை ஊரில் பலரிடம் வாசித்துக் காட்டினேன். நம் குளம்தான் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் வந்தாயிற்றே, இனி யார் கைவைப்பார்கள் என்கிறார்கள். நடைமுறைக்கு வந்துவிட்ட சட்டத்தை எதிர்த்துக் கூட்டம் போட்டு என்ன பயன் என்றும் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

சு., தேரூர்

அன்புள்ள தம்பி,

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்த தொழிற்சாலைகள் திருத்த மசோதா. தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். மற்றதுதான் இந்த நில ஒருங்கிணைப்பு மசோதா. அதற்கு அந்த அளவு எதிர்ப்பு எழவில்லை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் என்றதும் யார் தலையில் விழும் என்று எல்லோருக்கும் விளங்கியது. நில ஒருங்கிணைப்பு என்றால் யாருக்கு விளங்கும்? விளங்கவைப்பதுதான் இப்போது நம் வேலை.

நூறு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் வரும் ஒரு திட்டத்தைச் சிறப்புத் திட்டம் என்று அரசு அறிவித்தால், அதற்குள் அகப்படும் குளம், ஓடை, வாய்க்காலையும் சேர்த்துக் கொடுக்க இந்தச் சட்டம் வழி தருகிறது. குளத்தின் கொள்ளளவு குறையாது என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். சரி, குறையாது என்றே வைத்துக்கொள்வோம். நம்மூரில் எந்தக் குளம் தனியாக இருக்கிறது? பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய் வழியே குளத்தில் ஏறுகிறது, மடை வழியே ஏலாவில், அதாவது வயல்வெளியில், இறங்குகிறது. மேல்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்குளம் பெருகும். நடுவில் ஒரு குளம் திட்டத்து வேலிக்குள் போய்விட்டால், அது தளும்பிக் கிடந்தாலும் கும்பப்பூ நெல் நடவுக்கு நாற்றைப் பறித்துக்கொண்டு கடைவரம்பில் நிற்கிறவர் யாரிடம் போய்த் தண்ணீர் கேட்பார்? இன்றைக்கு மடையைத் திறக்கச் சொல்லி அதிகாரியிடம் சண்டையாவது போடலாம். குளம் வற்றினால் பக்கத்துக் கிணறுகளும் இறங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ராம்சார் அங்கீகாரம் பெருமைதான். 2022-இல் சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் சேர்ந்தன. முதலாவது சுமார் 94 ஹெக்டேர், இரண்டாவது 20 ஹெக்டேர்கூட இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மற்றக் குளங்களெல்லாம் வெளியேதான் கிடக்கின்றன. உங்கள் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்களும் அந்த எல்லைக்கு வெளியிலிருந்துதான் வருகின்றன. அதை ஊரில் சொல்லுங்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராமசபை கூடும். சட்டத்தை நீக்கவேண்டும் என்ற ஒற்றை வரித் தீர்மானத்தோடு விட்டுவிடாதீர்கள். குளத்தின் பெயர், சர்வே எண், பாசனப் பரப்பு, மறுகால் எந்தக் குளத்துக்குப் போகிறது, எல்லாம் அதில் ஏறவேண்டும். தாமரை பறிப்பவர்களையும் மீன் குத்தகைக்காரர்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள். கோயில் கமிட்டி, பங்குப்பேரவை, ஜமாஅத் எதையும் விட்டுவிட வேண்டாம். அப்புறம், ஆட்சியரிடம் மனு கொடுத்துவிட்டு வீடு திரும்பினால் போதாது. சட்டத்தை நீக்கவேண்டியது சட்டமன்றம். மாவட்டத்தின் ஆறு உறுப்பினர்களிடமும் தீர்மான நகலைக் கொடுத்து, சபையில் பேசுவீர்களா என்று நேருக்கு நேர் கேளுங்கள்.

கூட்டத்துக்கு நாள் குறித்ததும் எழுதுங்கள், வருகிறேன்.