மனுவை எந்தக் குழுவுக்கு எழுதுவது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சட்டமன்றத்தில் ஒரு மசோதாவை அறிமுகம் செய்து, சில நாட்களில் நிறைவேற்றியும் விடுகிறார்கள். நடுவில் பொதுமக்கள் பேச்சைக் கேட்க ஒரு குழுவும் கிடையாதா? (தொழிற்சங்க உறுப்பினர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: வழி இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டில் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியே கிடக்கிறது. மசோதா பரிசீலனைக்கு வரும்போது, அதை ஆராய உறுப்பினர்கள் சிலரைக் கொண்டு அமைக்கும் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றோ, பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விட வேண்டும் என்றோ உறுப்பினர்கள் கேட்கலாம். ஆளுங்கட்சி பெரும்பான்மையோடு இருக்கும்போது அந்தக் கோரிக்கை குரல் வாக்கெடுப்பிலேயே தோற்றுவிடும். 1986-ல் மேலவையும் கலைக்கப்பட்டுவிட்டதால், மறுமுறை பார்க்க இன்னொரு அவையும் இல்லை.

கேரளத்தில் 1980 முதல் துறைவாரியாகப் பொருட்குழுக்கள் இருக்கின்றன. மசோதாக்களும், துறைகள் தங்கள் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளும் வழக்கமாக அந்தக் குழுக்களின் மேசைக்குப் போய்த்தான் அவைக்குத் திரும்புகின்றன. இங்கே மானியக் கோரிக்கைகளை நேரே அவையில்தான் விவாதிக்கிறார்கள். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகள் வருவதும் உண்டு. எந்தத் துறையின் எந்தக் கணக்கையும் உட்கார்ந்து கிண்ட அங்கே நேரம் ஏது?

இந்த இடைவெளியின் விலையை உங்கள் தொழிலிலேயே பார்த்திருப்பீர்கள். 12 மணி நேர வேலைக்கு இடம் தந்த தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-ல் நிறைவேறியது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொந்தளித்தன. மே 1-ல் அதைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. ஒரு தேர்வுக் குழு தொழிற்சங்கங்களையும் ஆலை நிர்வாகங்களையும் அழைத்துப் பேசியிருந்தால் கேட்டிருக்கக்கூடிய அதே எதிர்ப்பு, சட்டம் நிறைவேறிய பிறகு தெருவில் கேட்டது. பொருட்குழுக்கள் இங்கேயும் வேண்டும் என்று நாங்கள் அழுத்தமாகச் சொல்வது இதனால்தான்.

அதுவரை செய்யக்கூடியது: மசோதா அறிமுகமான அன்றே அதன் நகலைப் பேரவை இணையதளத்தில் எடுத்துவிடுங்கள். "மசோதாவை எதிர்க்கிறோம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். 'இத்தனையாவது பிரிவில், இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள்' என்று திருத்தத்தின் வாசகத்தையே தட்டச்சு செய்து, கட்சி பார்க்காமல் இரண்டு மூன்று உறுப்பினர்களிடம் கொடுங்கள். திருத்தத்துக்கு முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதால், விவாதம் நடக்கிற அன்று காலையில் கொண்டுபோனால் பயனில்லை.

வரி மசோதாவாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அரசமைப்பின் 207-ஆவது பிரிவின்படி, வரியைக் குறைக்கவோ நீக்கவோ திருத்தம் கொண்டுவர ஆளுநரின் பரிந்துரை தேவையில்லை. புதிதாக விதிக்கவோ உயர்த்தவோ வேண்டுமானால் தேவை. ஆகவே சலுகை கேட்கும் திருத்தத்தை எந்த உறுப்பினரும் தாராளமாகக் கொண்டுவரலாம்.

கேள்வி: கிரைண்டருக்கான ஜி.எஸ்.டி.யைக் குறைக்கக் கோரிச் சட்டமன்ற மனுக்கள் குழுவிடம் எங்கள் சங்கம் மனு கொடுக்கலாமா? (சிறுதொழில் செய்பவர், கோவை)

பதில்: கொடுத்தும் பயனில்லை. விகிதத்தைப் பரிந்துரைப்பது ஜி.எஸ்.டி. கவுன்சில். அதில் வாக்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மூன்றில் இரண்டு பங்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநிலங்கள் எல்லாம் ஒன்று சேர்ந்தாலும் மத்திய அரசு இல்லாமல் எதுவும் நிறைவேறாது. உங்கள் மனு மாநில நிதியமைச்சருக்கும் வணிகவரித் துறைக்கும் போகட்டும். விகித மாற்றங்களை முதலில் சலிப்பது பிட்மென்ட் கமிட்டி என்ற அதிகாரிகள் குழு. அவர்கள் கேட்பது எச்.எஸ்.என். எண் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்), இப்போதைய விகிதம், மூலப்பொருளுக்கு நீங்கள் கட்டும் வரி, இரண்டுக்கும் உள்ள இடைவெளி. இந்த நான்கும் இல்லாத மனு உருக்கமாக இருந்தாலும் நகராது.

பத்திரப்பதிவு முத்திரைத் தீர்வை, வாகன வரி, பெட்ரோல் டீசல் மீதான மதிப்புக்கூட்டு வரி ஆகியவை மாநிலத்தின் கையில் இருப்பவை. அவற்றுக்குச் சட்டமன்றத்தை அணுகுவதில் பொருள் உண்டு.

கேள்வி: நீட் பற்றி ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழுவும் சட்டமன்றக் குழுதானா? (கல்லூரி மாணவி, அரியலூர்)

பதில்: இல்லை. அது 2021-ல் அரசு அமைத்த குழு. 86,000-க்கும் மேற்பட்ட கருத்துகளைப் பெற்று அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் வந்த நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பர் 13-லும், ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2022 பிப்ரவரி 8-லும் பேரவையில் நிறைவேறியது. 1976-ன் 42-ஆவது திருத்தம் கல்வியை, மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்கு மாற்றிவிட்டதால், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநில மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைக்கவில்லை.

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர், கழிப்பறை, கணக்கு ஆசிரியர், பள்ளி நேரத்துக்குப் பேருந்து என்று எல்லாவற்றையும் எழுதி மனுக்கள் குழுவுக்கு அனுப்பினோம். எடுத்துக்கொள்ளவில்லை. என்ன தவறு? (பெற்றோர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: நான்கு கோரிக்கைகளை ஒரே தாளில் எழுதியதுதான். மனு ஒரே ஒரு பிரச்சினையைச் சொல்ல வேண்டும், ஒரே துறையைச் சார்ந்திருக்க வேண்டும். ஒன்றியப் பள்ளியின் கட்டடமும் சுவரும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறை. பேருந்து போக்குவரத்துத் துறை. சட்டமன்ற உறுப்பினர்கள் அடங்கிய அந்தக் குழு மாவட்டத்துக்கு வந்து ஆய்வு நடத்தும் நாளில் மனுவுக்குப் பதில் சொல்ல ஒரு துறை அதிகாரி எழுந்து நிற்க வேண்டும். உங்கள் மனுவுக்கு யார் எழுந்து நிற்பது?

சரியான முறை இது. குழு உங்கள் மாவட்டத்துக்கு வருமுன் மாவட்ட ஆட்சியர் செய்திக்குறிப்பு வெளியிடுவார். கடைசி நாளும் கொடுக்க வேண்டிய இடமும் அதில் இருக்கும். 'தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009' என்று முகவரியிட்டு, தமிழில், கையொப்பத்துடன் ஐந்து நகல்கள் கொடுக்க வேண்டும். தனியாகவும் கொடுக்கலாம், ஊராகச் சேர்ந்தும் கொடுக்கலாம். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருப்பது நல்லது. தனிநபர் குறை, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு, அரசு வேலை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வங்கிக் கடன், பணியிட மாற்றம் ஆகியவற்றை ஏற்கமாட்டார்கள்.

ஒரே ஆள் பத்து மனு கொடுத்தாலும் ஆய்வின்போது ஒன்றைத்தான் எடுப்பார்கள். அதனால் சுவருக்கு ஒருவர், ஆசிரியருக்கு ஒருவர், பேருந்துக்கு ஒருவர் என்று தனித்தனிப் பெயரில் கொடுங்கள். மனுவின் உடல் ஒரு பக்கம் போதும். 'பள்ளியின் கிழக்குப் பக்கம் சுமார் 60 மீட்டர் சுவர் இல்லை. 20 அடியில் மாநில நெடுஞ்சாலை. இந்தத் தேதிகளில் ஒன்றிய அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம்' என்கிற மாதிரி, அளவும் தேதியும் பேசட்டும். முன்பு கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகலை எல்லாப் பிரதியிலும் இணையுங்கள். "இந்தக் கோரிக்கை எங்களிடம் வரவே இல்லை" என்று துறை சொன்னால், அந்தச் சீட்டுதான் பதில்.

ஏற்கப்பட்டால் உங்களுக்குத் தனியாகத் தகவல் வரும். மனுதாரர் முன்னிலையிலேயே அதிகாரிகளைக் கேட்பார்கள் என்பதால் அன்று கட்டாயம் போங்கள். "நிதி ஒதுக்கீடு எதிர்பார்க்கப்படுகிறது" என்று அதிகாரி சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். மதிப்பீடு தயாரித்தாயிற்றா, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினார்கள் என்று கேட்கும்படி உறுப்பினர்களிடம் பணிவாகச் சொல்லலாம்.

கேள்வி: எங்கள் ஊருக்கு அரசுக் கல்லூரிக் கட்டடம் கட்டித் தருவதாக அமைச்சர் பேரவையில் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு செங்கல்கூட வரவில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியர், ராமநாதபுரம்)

பதில்: இதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று துறையைக் கேட்பது அதன் வேலை. கட்சிக் கூட்டத்திலோ பேட்டியிலோ சொன்னது இதில் வராது. அவையில் சொன்னதுதான் வரும். எனவே முதலில் பேரவை நடவடிக்கைக் குறிப்பில் அந்த நாளையும் அமைச்சரின் சொற்களையும் கண்டுபிடியுங்கள்.

அடுத்து, அறிவிப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். அவையில் சொன்னபின் அரசாணை வர வேண்டும், அதன்பின் நிதி, அதன்பின் ஒப்பந்தப்புள்ளி. உயர்கல்வித் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு அனுப்பி, அரசாணையின் எண், நாள், ஒதுக்கிய தொகை, மதிப்பீட்டுக் கோப்பு இப்போது இருக்கும் அலுவலகம் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் "தகவல் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அரசாணையே இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்களுக்கு வலுவான ஆவணம். அதன் நகலையும் நடவடிக்கைக் குறிப்பின் பக்கத்தையும் இணைத்து, உறுதிமொழிக் குழுத் தலைவருக்கும் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.