புக்கியில கட்டின குதிரை தோத்தா அது களவா? குதிரை ரேஸ்ல உண்மையில என்ன நடக்குது

ஒரு தம்பி கேட்டிருக்கார், கல்முனையில புக்கியில, அதுதான் பந்தயம் கட்டுற கடையில, இங்கிலாந்து ரேசுக்குச் சல்லி கட்டுறாராம், எல்லாரும் வெல்லும் எண்டு சொன்ன குதிரை கடைசியா வந்திட்டாம், இது களவுதானே எண்டு.

களவு நடந்திருக்கு, இப்பவும் நடக்குது. நான் துபாய்ல ஒரு ரேஸ் ஸ்டேபிள்ல குரூமா வேல செஞ்சவன், தீனி வைக்கிற, தண்ணி வைக்கிற, குளிப்பாட்டுற, கால் தடவிப் பாக்கிற எல்லாம் எங்கட வேலதான், அதால எங்க ஓட்டை கிடக்கு எண்டு தெரியும். நான் இருந்த காலத்தில அங்க ரேசுக்குச் சல்லி கட்டச் சட்டம் விடல்ல, பரிசுக்காசு மட்டும்தான், ஆனா அந்தக் காசே ஆக்களக் கெடுக்கப் போதும்.

முதல்ல ஒண்டு விளங்கிக்கொள்ளுங்க தம்பி, குதிரைய வேகமா ஓட வைக்கிறது கஷ்டம், ஓடாமப் பண்ணுறது லேசு. ரேசுக்குக் கொஞ்சம் முதல் வாளி வாளியாத் தண்ணி குடுத்தாலே காணும், மருந்தே தேவல்ல. இங்கிலாந்தில நியூமார்க்கெட் எண்ட இடத்தில டானியல் டோசன் எண்டவன் குதிரைகள் குடிக்கிற தொட்டியில ஆர்சனிக் நஞ்சு கலந்து, குதிரைகள் செத்து, 1812ல அவனத் தூக்கில போட்டாங்க. 1961ல இங்கிலாந்திட பெரிய ரேசான டெர்பிக்குப் பேவரிட்டா, அதாவது வெல்லும் எண்டு கூடப் பேர் சல்லி கட்டின குதிரையா, நிண்ட பின்டுரிஸ்கியோவுக்கு ராவோட ராவா ஸ்டேபிளுக்குள்ள பூந்து பலமான பேதி மருந்து குடுத்திட்டானுகள், அது அந்த ரேசும் ஓடல்ல, அதுக்குப் பிறகு எந்த ரேசும் ஓடல்ல. 1996ல அமெரிக்காவில கென்டக்கியில செஞ்சது இன்னும் மோசம், குதிரைட மூக்குக்குள்ள ஸ்பொஞ்சத் தள்ளி வச்சிருக்கானுகள், அது மூச்செடுக்க ஏலாமக் கிடந்திருக்கு, வாய் திறந்து சொல்லுமா அது?

ஆள் மாறாட்டமும் இருக்கு. 1984ல ஆஸ்திரேலியாவில பிரிஸ்பேன்ல பைன் கொட்டன் எண்ட சாதாரண குதிரைக்குப் பதிலா போல்ட் பெர்சனாலிட்டி எண்ட நல்ல குதிரைய இறக்கினாங்க, நிறம் வேற எண்டதால மயிருக்குச் சாயம் போட்டு, காலுக்கு வெள்ளப் பெயின்ட் அடிச்சு. 33க்கு 1 எண்டு, அதாவது ஒரு ரூவா கட்டி வெண்டா 33 ரூவா லாபம் எண்டு, கிடந்த விலை, நிறையப் பேர் அதுக்குக் கட்டினதால ஓட முதல் 7க்கு 2க்கு இறங்கிட்டு, குதிரையும் வெண்டது, ஆனா பெயின்ட் கழண்டு காட்டிக் குடுத்திட்டு. இப்ப குதிரைட கழுத்துக்குள்ள அடையாளத்துக்கு மைக்ரோசிப் வைக்கிறதால இந்த வேல கஷ்டம்.

வேகமா ஓட வைக்கிற களவுதான் எனக்கு மனசு பொறுக்காதது. அப்பத்துக்குப் போடுற சோடா இருக்கே, அத நிறையக் கரைச்சு மூக்கால டியூப் விட்டு வயித்துக்குள்ள இறக்குவாங்க, தசை களைக்கிறது பிந்தும் எண்டு. நோவு தெரியாம இருக்க ஊசியும் போடுவாங்க. கால்ல நோவு இருந்தா குதிரை தானாவே மெதுவாகும், அது கடவுள் குடுத்த காவல், அத மருந்தால அடைச்சுப் போட்டு ஓட விட்டா உள்ளுக்க வெடிச்சிருந்த எலும்பு ஓட்டத்திலயே உடையும், மேல இருக்கிற ஜொக்கியும் சேந்து விழுவான். எக்ஸ் வை ஜெட் எண்ட குதிரை 2019ல துபாய் கோல்டன் ஷாஹீன் எண்ட ரேஸ்ல வெண்டது, எல்லாரும் கை தட்டினோம். 2020 ஜனவரியில அது மாரடைப்பு மாதிரி வந்து செத்திட்டு. மறுகா ரெண்டு மாசத்தில அதுட டிரெயினர் ஜோர்ஜ் நவாரோவ அமெரிக்காவில பிடிச்சாங்க, அவர் மருந்து குடுத்ததெல்லாம் ஒத்துக்கொண்டு அஞ்சு வருசம் சிறைத் தண்டனை வாங்கினார். குதிரைய நம்பி குரூம் பக்கத்தில படுக்கிறான், குரூம நம்பி அது கண்ண மூடுது, அப்பிடி ஒரு உயிருக்கு இதச் செய்ய எப்பிடித்தான் மனம் வருதோ.

உங்கட குதிரைக்கு வருவம். பேவரிட் எண்டு சொல்லுற குதிரை மூணு ரேசுக்கு ஒண்டுதான் வெல்லும், எந்த நாட்டிலயும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குத்தான். மழையில தரை ஊறினா, ஓட்டம் தொடங்குற கேட்டுக்குள்ள குழம்பினா, முன்னுக்குப் போற குதிரைகளுக்குப் பின்னால அடைபட்டா, எல்லாத்துக்கும் தோக்கும். அதுக்காகப் பாவம் ஜொக்கியக் கள்ளன் எண்டு ஏசாதீங்க. பேவரிட்ட விலை, அதாவது வெண்டாக் கிடைக்கிற லாபம், கடைசி நேரத்தில காரணமில்லாம ஏறிக்கொண்டு போனா மட்டும் யோசிங்க, யாரோ அது தோக்கும் எண்டு தெரிஞ்சு காசு போடுறான் எண்டும் இருக்கலாம். இங்கிலாந்து ரேஸ் எண்டா ஸ்டூவர்ட்ஸ் ரிப்போர்ட், அதாவது ரேஸக் கண்காணிக்கிற அதிகாரிகள் எழுதுற அறிக்கை, எல்லாம் இன்டர்நெட்டில சும்மா வாசிக்கலாம், குதிரை ஏன் மோசமா ஓடிச்செண்டு டிரெயினர்ட கேட்டாங்களா, ரேசுக்குப் பிறகு மருந்து டெஸ்ட் பண்ணச் சொன்னாங்களா எண்டு அதில கிடக்கும். புக்கிக்காரனோட சண்டைக்குப் போக முதல் அதப் பாருங்க.